ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே: சபைகள் சேர்ந்து ஜெபிக்கவும் வாழவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே தெருவில் மாதா கோவில் (ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கம்), சி.எஸ்.ஐ. ஆலயம், லுத்தரன் சபை, ஒரு வீட்டு மாடியில் பெந்தெகொஸ்தே ஜெபக்கூடம் என்று இருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய. ஒரே குடும்பத்துக்குள் மூன்று சபை இருப்பதும் புதிதல்ல. அங்கே கிறிஸ்தவ ஒன்றிப்பு என்கிற விஷயம் கல்யாணப் பேச்சின்போது வரும், கல்லறையில் இடம் கேட்கும்போது வரும், "அவங்க கோவில்ல நற்கருணை வாங்கலாமா?" என்று பிள்ளைகள் கேட்கும்போது வரும். அப்படி வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம். எந்தச் சபையின் சட்டத்தையும் வளைக்கச் சொல்லவில்லை. சட்டம் இப்போதே அனுமதிப்பதில் பாதியைக்கூட நம் ஊர்களில் செய்வதில்லை என்பது எங்கள் எண்ணம்.

ஒன்றிப்பு என்றால் எல்லாரும் ஒரே சபையாகிவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் அப்படியும் நம் மண்ணில் நடந்திருக்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., ஆயின. தென்னிந்திய ஐக்கிய சபையே 1908இல் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் இணைந்து உருவானதுதான். ஆயர் (பிஷப்) உள்ள சபையும் இல்லாத சபையும் உலகில் இந்த அளவில் ஒன்றானது அதுவே முதல் முறை.

பேச்சு தொடங்கியது 1919இல், தரங்கம்பாடியில். முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர். தொடக்கத்திலிருந்து முடிவுவரை 28 ஆண்டுகள் ஆனது. அசரியா 1945 ஜனவரியில் காலமானார், இணைப்பைப் பார்க்கவில்லை.

28 ஆண்டுகள் எதில் இழுத்தது?

குருப்பட்டத்தில். ஆயர் கை வைக்காமல் அபிஷேகம் பெற்ற மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல் ஊழியர்களை ஆங்கிலிக்கன் தரப்பு ஏற்குமா என்பதே முடிச்சு. கடைசியில் கண்ட வழி இது: இணையும் நாளில் ஊழியத்தில் இருக்கும் எல்லாரும் அப்படியே ஏற்கப்படுவார்கள், யாருக்கும் மறு அபிஷேகம் கிடையாது, இனிமேல் வருகிறவர்களுக்கு ஆயர் கையால்தான் அபிஷேகம், தன் மனசாட்சி ஏற்காத ஊழியரையோ வழிபாட்டு முறையையோ எந்தச் சபைமேலும் திணிப்பதில்லை. பழைய வேறுபாடு ஒரு தலைமுறையில் தானே கரைந்துவிடும் என்ற கணக்கு அது. கரைந்தும் போனது.

எல்லாம் சுமுகம் என்றும் சொல்ல முடியாது. ஆந்திராவின் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபையாரில் பலர் அப்போது வெளியே நின்றுவிட்டார்கள். அவர்கள் சேரப் பல ஆண்டுகள் ஆயிற்று. இங்கிலாந்திலிருந்த ஆங்கிலிக்கன் சபையே தொடக்கத்தில் புதிய சபையோடு முழு உறவு வைக்கத் தயங்கியது. லுத்தரன்களோடு பின்னர் நடந்த பேச்சில் உபதேச அளவில் நல்ல உடன்பாடு வந்தும் இணைப்பு கைகூடவில்லை. அதனால்தான் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இன்றும் தனியே இருக்கிறது. ஆனால் மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இரு சபையாரும் ஒன்றாகத்தான் படிக்கிறார்கள்.

கத்தோலிக்கரோடு உபதேசத்தில் ஏதாவது ஒத்துப்போகிறதா, இல்லை கைகுலுக்கல் மட்டும்தானா?

ஒத்துப்போகிறது. பலருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். 1964 நவம்பர் 21இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டது. கத்தோலிக்கருக்கு மற்றச் சபையாரோடு சேர்ந்து ஜெபிக்கும் வாசல் அதிகாரபூர்வமாகத் திறந்தது அப்போதுதான். 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும், மனிதன் நீதிமானாக்கப்படுவது கிறிஸ்துவில் விசுவாசத்தின் வழியே கிருபையால்தான் என்று கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. லூதர் காலத்துச் சண்டையின் மையமே அதுதான். 2006இல் மெதடிஸ்ட் உலகச் சபை இதில் சேர்ந்தது. பின்னர் ஆங்கிலிக்கன் தரப்பும் சீர்திருத்தச் சபைகளின் உலக அமைப்பும் சேர்ந்தன. "அவர்கள் கிரியையால் இரட்சிப்பு என்கிறவர்கள்" என்று இன்னும் பிரசங்கம் பண்ணுகிறவர்கள் அந்த அறிக்கையை ஒருமுறை வாசிப்பது நல்லது.

மாதா வணக்கம், பாப்பரசர் அதிகாரம், குருப்பட்டம், நற்கருணை ஆகியவற்றில் வேறுபாடு அப்படியே இருக்கிறது. அதை மூடி மறைத்துப் பயனில்லை.

ஒன்றிப்பு ஜெப வாரம் எப்போது? எப்படித் தொடங்குவது?

ஜனவரி 18 முதல் 25 வரை. 1908இல் தொடங்கிய வழக்கம். 1968இலிருந்து உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் சேர்ந்து வழிபாட்டு முறையை வெளியிடுகின்றன; ஆண்டுக்கு ஒரு நாட்டார் முதல் வரைவைத் தயாரிப்பார்கள். 2013க்கு உரியதைத் தயாரித்தது இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம். மீகா 6:6–8ஐ எடுத்து, சாதியால் ஒடுக்கப்பட்டவர்களை மையத்தில் வைத்தார்கள். பத்து வருடம் தாண்டியும் நம் ஊருக்குப் பொருந்துகிற முறை அது.

நம்மூரில் ஒரு சிக்கல்: ஜெப வாரம் பொங்கல் முடிந்த கையோடு வருகிறது. டிசம்பரில் எந்தப் போதகரையும் பங்குத்தந்தையையும் பிடிக்க முடியாது. ஆகவே முதல் கூட்டத்தை அக்டோபர் கடைசியிலோ நவம்பர் முதல் வாரத்திலோ, திருவருகைக் காலத்துக்கு முன்பே வையுங்கள். ஒவ்வொரு சபையிலிருந்தும் போதகர் நீங்கலாக இரண்டு பேர். அதில் ஒருவராவது பெண். எட்டு நாளும் நடத்துகிறோம் என்று முதல் ஆண்டே கிளம்பாதீர்கள். ஒரே ஒரு மாலை போதும். இரண்டாம் ஆண்டு மூன்று நாள்.

இடத்தைச் சுழற்சியில் வையுங்கள். எந்த ஆலயத்தில் நடக்கிறதோ அந்தச் சபையார் செய்தி கொடுக்கக் கூடாது. இந்த ஒரு விதி பாதிச் சண்டையை ஒழித்துவிடும். வீட்டுக்காரர் வரவேற்பும் தேநீரும் பார்த்துக்கொள்ளட்டும், விருந்தாளி பேசட்டும்.

நேரம் 75 நிமிடம். தொடக்கப் பாடலும் வரவேற்பும் 10, பாவ அறிக்கை 5, மூன்று வாசகங்களும் இடையில் ஒரு சங்கீதமும் 15, செய்தி 15, மன்றாட்டு 15, கர்த்தருடைய ஜெபமும் சமாதான வாழ்த்தும் 5, அறிவிப்பும் ஆசீர்வாதமும் 5. மீதி ஐந்து நிமிடம் மைக் சரிசெய்யவே போகும். செய்தி 15 நிமிடம் என்பதைப் பேச்சாளரிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் 45 ஆகும். வழிபாட்டுத் தாளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து இருவருக்கு ஒன்று கொடுங்கள்: 300 பேருக்கு 150 தாள். வேறு சபைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தாளைப் பிடித்துப் பாடுவதற்கும் அது ஒரு வழி.

காணிக்கை எடுப்பதா, எடுத்தால் யாருக்கு என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவுசெய்து அன்றைக்கே மேடையில் அறிவியுங்கள். வெளியே திறந்தவெளியில் என்றால் காவல்துறை அனுமதி வேண்டும். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நின்றுவிட வேண்டும்.

எங்கள் பூசைக்கு சி.எஸ்.ஐ. ஐயரை (போதகரை) அழைத்துப் பிரசங்கம் செய்யச் சொல்லலாமா?

திருப்பலியில் முடியாது. கத்தோலிக்க விதிப்படி திருப்பலி மறையுரை குருவுக்கோ, குருவுக்கு அடுத்த நிலையிலுள்ள தியாக்கோனுக்கோ உரியது. வேறு சபையார் வாசகம் வாசிப்பதற்கும், அதுவும் விசேஷமான சந்தர்ப்பத்தில் மட்டும், ஆயர் அனுமதி தேவை. பங்குத்தந்தைக்கு மனமில்லை என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வழி எளிது: திருப்பலி இல்லாத இறைவார்த்தை வழிபாடாகவோ மாலைப் புகழாகவோ வைத்தால் ஐயர் தாராளமாகச் செய்தி கொடுக்கலாம். ஜெப வாரத்துக்குத் தயாரிக்கப்படும் முறையே அப்படிப்பட்டதுதான்.

கர்த்தருடைய ஜெபத்தை ஒன்றாகச் சொல்லும்போது ஏன் எப்போதும் குழப்பம்?

இரண்டு காரணம். ஒன்று, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஒரு பக்கமும் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று மறுபக்கமும் தொடங்கும். இரண்டு, முடிவு. கத்தோலிக்கர் தீமையிலிருந்து விடுவிக்கக் கேட்பதோடு நிறுத்திவிடுவார்கள். மற்றவர்கள் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர்வார்கள். ஆலயத்தில் பாதிப் பேர் வாயை மூடி நிற்க, மீதிப் பேர் சத்தமாக முடிப்பது நன்றாக இல்லை. முழு வாசகத்தையும் தாளில் அச்சடித்து, நடத்துகிறவர் முதல் வரியைத் தனியாகச் சொல்லித் தொடங்கினால் தீர்ந்தது. கடைசிப் புகழுரை கத்தோலிக்கத் திருப்பலியிலும் சற்றுத் தள்ளி வருவதுதான். அவர்கள் அதைச் சொல்லத் தடையில்லை.

விசுவாசப் பிரமாணத்திலும் இதே கதை. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன் மூவரும் சொல்வார்கள். "பொதுவான சபை" என்றும் "கத்தோலிக்கத் திருச்சபை" என்றும் வரும் இடத்தில் மட்டும் குரல் பிரியும். பெந்தெகொஸ்தே சபையார் பொதுவாகப் பிரமாணம் ஓதுவதில்லை. அவர்களும் இருந்தால் எபேசியர் 4:4–6ஐ எல்லாரும் எழுந்து நின்று வாசிக்கலாம். "ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும் உண்டு" என்பதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். அந்த "ஒரே ஞானஸ்நானம்" எது என்பதில்தான் வம்பு. அதற்குக் கீழே வருகிறோம்.

எந்த வேதாகமத்திலிருந்து வாசிப்பது?

1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்தது. நடைமுறையில் அதை வைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் கத்தோலிக்கர்தான். மற்றவர்களின் காதுக்குப் பழைய மொழிபெயர்ப்பே வேதம். ஒரு வாசகம் இதில், ஒரு வாசகம் அதில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தோபித்து, சீராக் போன்ற நூல்கள் 66 நூல் வேதாகமத்தில் இல்லை என்பதால் பொது வழிபாட்டில் தவிர்ப்பது மரியாதை.

பொது வழிபாட்டில் எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?

"நான் முன்பு அந்தச் சபையில் இருளில் இருந்தேன்" வகைச் சாட்சியை முதலில் தவிருங்கள். ஒரு மாலையைக் கெடுக்க அது ஒன்றே போதும். அடுத்து, "முன்னே வாருங்கள், ஒப்புக்கொடுங்கள்" என்ற அழைப்பு. மாதா பாடல், ஜெபமாலை, அந்நிய பாஷை, நோய் தீர்க்கும் ஜெபம் ஆகியவற்றை அவரவர் ஆலயத்தில் வைத்துக்கொள்ளலாம். பெந்தெகொஸ்தே நண்பர்கள் சத்தமாகச் சேர்ந்து ஜெபிக்கும் வழக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். முன்கூட்டியே தாளில் போட்டுவிட்டால் யாரும் மிரள மாட்டார்கள். நான்கு நிமிட மௌனத்தையும் அதே மாதிரி போடுங்கள், அது மறுபக்கத்தாருக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

பாட்டைப் பொறுத்தவரை கவலையே இல்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் சபை எல்லைகளைத் தாண்டி ஒலிப்பவை. எல்லாருக்கும் தெரிந்த மூன்று பாடல் போதும். புதுப் பாடல் வேண்டாம்.

நற்கருணை, இராப்போஜனம்: யார் எங்கே வாங்கலாம்?

அதிக மனவருத்தம் வரும் இடம் இது, ஆகவே சற்று விரிவாக.

கத்தோலிக்கர் சி.எஸ்.ஐ. ஆலயத்திலோ லுத்தரன் ஆலயத்திலோ திருவிருந்து பெற அவர்களுடைய சட்டம் அனுமதிப்பதில்லை. வேறு வழியில்லாத நிலையில் ஆர்த்தடாக்ஸ் சபையில் பெறலாம். மறுபுறம், மற்றச் சபையார் திருப்பலியில் நற்கருணை பெறுவதும் பொதுவாக இல்லை. மரண ஆபத்திலோ, ஆயர் ஏற்கும் வேறு கடும் தேவையிலோ வழி உண்டு. அதற்கும் நான்கு நிபந்தனை: தன் சபை ஊழியரை அணுக முடியாத நிலை, தானாக விரும்பிக் கேட்பது, அந்த அருட்சாதனத்தைப் பற்றிக் கத்தோலிக்க விசுவாசத்தையே கொண்டிருப்பது, தகுந்த ஆயத்தம். கல்யாணப் பூசைக்குப் போயிருக்கிறோம், எல்லாரும் வரிசையில் போகிறார்கள் என்பது கடும் தேவை ஆகாது.

சி.எஸ்.ஐ.யில் மற்றச் சபைகளில் திருவிருந்து பெறும் தகுதியுள்ளவர்களை வரவேற்பது வழக்கம். திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் தன் விசுவாசத்தைத் தானே உறுதிசெய்யும் சடங்கு) பெறாத பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் பல, முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கே அப்பமும் இரசமும் கொடுக்கும். சந்தேகம் இருந்தால் ஆராதனைக்கு முன்பே பாஸ்டரிடம் கேளுங்கள். தட்டு உங்கள் முன்னால் வந்த பிறகு கேட்க முடியாது.

திருப்பலியில் இருக்கும் மற்றச் சபையார் வரிசையில் போகாமல் இருக்கையிலேயே ஜெபத்தில் இருக்கலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை. சில பங்குகளில் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு போனால் குரு ஆசீர்வதிப்பார். எல்லா இடத்திலும் கிடையாது. திருமணத்துக்கோ அடக்கத்துக்கோ கூடும் கலவையான கூட்டத்தில் பங்குத்தந்தை அரை நிமிடம் ஒதுக்கி, யார் வரலாம், மற்றவர்கள் என்ன செய்யலாம் என்று கனிவாகச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, முன்னால் வந்து கை நீட்டியவரைத் திருப்பி அனுப்பினால், அந்தக் குடும்பம் இருபது வருடம் அதைப் பேசும்.

ஒரு சபையின் ஞானஸ்நானம் இன்னொன்றில் செல்லுமா?

தண்ணீராலும், "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில்" என்ற வார்த்தையாலும் கொடுக்கப்பட்டிருந்தால் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் மூவரும் ஒருவருக்கொருவர் ஏற்பார்கள். தெளித்தாலும் ஊற்றினாலும் முழுக்கினாலும் ஒன்றுதான். சி.எஸ்.ஐ.யிலிருந்து ஆர்.சி.க்குப் போகிறவருக்கு மறு திருமுழுக்கு கிடையாது. விசுவாச அறிக்கை செய்து சேர்க்கப்படுவார். நன்றாக விசாரித்த பிறகும் தண்ணீரிலோ வார்த்தையிலோ உண்மையான சந்தேகம் இருந்தால் மட்டும், "நீ திருமுழுக்குப் பெறாதிருந்தால்" என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள்.

சான்றிதழில்தான் பலருக்கும் தடங்கல். சிறு தனிச் சபைகளின் சான்றில் தேதி இருக்கும், என்ன வார்த்தையில் கொடுத்தார்கள் என்பது இருக்காது. அந்தப் பாஸ்டரிடமோ அங்கே இருந்த இரண்டு சாட்சிகளிடமோ எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெந்தெகொஸ்தே சபைகள் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. விசுவாசித்தவரே கேட்டு முழுக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் உறுதி. அவர்கள் கண்ணில் அது முதல் ஞானஸ்நானம், மற்றவர்கள் கண்ணில் மறு ஞானஸ்நானம். இதைக் கூட்டம் போட்டுத் தீர்க்க முடியாது. ஆனால் ஒரு ஒழுங்குக்கு உடன்படலாம்: இன்னொரு சபையின் உறுப்பினரை, குறிப்பாக 18 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை, கன்வென்ஷன் வேகத்தில் ஆற்றுக்கு அழைத்துப் போகாமல், முதலில் அந்தச் சபைப் போதகருக்கு ஒரு தகவல். பல ஊர்களில் கசப்பு வருவது ஞானஸ்நானத்தால் அல்ல, அது காதும் காதும் வைத்தமாதிரி நடப்பதால்.

இரட்சணிய சேனையார் (சால்வேஷன் ஆர்மி) ஞானஸ்நானமும் திருவிருந்தும் கைக்கொள்வதில்லை. இது திருமணத்தில் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவரும்.

பெண் ஆர்.சி., மாப்பிள்ளை சி.எஸ்.ஐ. எங்கே, எப்படித் திருமணம் வைப்பது?

குறைந்தது நான்கு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு பங்குத்தந்தையைப் பார்க்கப் போவதுதான் முதல் தவறு.

கத்தோலிக்கக் கோவிலில் வைத்தால்: மறைமாவட்ட ஆயரின் அனுமதி வேண்டும். பங்குத்தந்தை மூலமாக மனு போகும். கத்தோலிக்கத் தரப்பினர் தன் விசுவாசத்தில் நிலைத்திருப்பதாகவும், பிள்ளைகள் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்று வளரத் தன்னால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களிக்க வேண்டும். மற்றவருக்கு இந்த வாக்குறுதி தெரிந்திருந்தால் போதும். அவர் எதிலும் கையெழுத்திட்டு வாக்களிக்க வேண்டியதில்லை, சபை மாற வேண்டியதுமில்லை. "மாறினால்தான் கல்யாணம்" என்று யாராவது சொன்னால் அது சட்டமல்ல, சொந்தக்காரர்களின் அழுத்தம். திருமணம் பெரும்பாலும் திருப்பலி இல்லாமல் இறைவார்த்தை வழிபாட்டோடு நடக்கும்; குடும்பத்தில் பாதிப் பேர் நற்கருணை வாங்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் நிலையைத் தவிர்க்க அதுவே நல்லது.

சி.எஸ்.ஐ. ஆலயத்தில் வைத்தால்: அனுமதியோடு கூட, கத்தோலிக்கத் திருமண முறையிலிருந்து விலக்கும் ஆயரிடம் வாங்க வேண்டும். இந்த விலக்கு இல்லாமல் நடந்தால் அரசுச் சட்டப்படி கணவன் மனைவிதான், கத்தோலிக்கச் சட்டப்படி திருமணம் செல்லாது. பெண் நற்கருணை வாங்க முடியாத நிலை வரும். பிறகு சரிசெய்ய வழி உண்டு, பங்குத்தந்தையைப் பார்க்க வேண்டும். ஆனாலும் இருபது ரூபாய்க் கவரில் ஒரு மனு போட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய வேதனை.

காலையில் சி.எஸ்.ஐ.யில் ஒன்று, மாலையில் ஆர்.சி.யில் ஒன்று என்று இரண்டு முறை சம்மதம் கேட்பது கூடாது. ஒருவரே சம்மதம் கேட்க வேண்டும். மற்றப் போதகர் வாசகம் வாசிக்கலாம், சிறு செய்தி கொடுக்கலாம், ஜெபித்து வாழ்த்தலாம். யார் எதைச் செய்வது என்று இரு போதகர்களும் ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து தாளில் எழுதிக்கொண்டால் மேடையில் தடுமாற்றம் வராது.

மற்ற நடைமுறைகள் தெரிந்ததே: ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் அல்லது உறுதிப்பூசுதல் சான்று, வேறு திருமணம் ஆகவில்லை என்ற சபைக் கடிதம், இரு சபையிலும் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பு. தவக்காலத்தில் தேதி கேட்காதீர்கள்.

மாப்பிள்ளை பெந்தெகொஸ்தே என்றால்?

இரண்டு விஷயம் கவனியுங்கள். பெந்தெகொஸ்தே குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குச் சிறுவயதில் பிரதிஷ்டை ஜெபம் (பிள்ளையைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கும் ஜெபம்) மட்டும் நடந்திருக்கும். முழுக்கு இன்னும் எடுக்காமல் இருக்கலாம். அப்படியானால் கத்தோலிக்கச் சட்டத்தின் பார்வையில் அவர் ஞானஸ்நானம் பெறாதவர். சாதாரண அனுமதி போதாது, தடையிலிருந்து விலக்கு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் திருமணமே செல்லாது. இரட்சணிய சேனையாருக்கும் இதேதான். "கிறிஸ்தவர்தானே" என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டுப் போகக் கூடாது.

அடுத்தது அரசுச் சட்டம். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, ஆயர் கையால் அபிஷேகம் பெறாத ஊழியர் திருமணம் நடத்த அரசு உரிமம் வேண்டும். தனிச் சபைப் பாஸ்டர் எல்லாரிடமும் அது இருப்பதில்லை. உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. பிறகு பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் அலையும்போதுதான் அதன் அருமை தெரியும். மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும்.

தாலியா மோதிரமா, நகை போடலாமா, மாலை உண்டா என்பதையும் நிச்சயத்தின்போதே பேசிவிடுங்கள். உபதேச வித்தியாசத்தைவிட இவற்றில்தான் கல்யாணங்கள் நின்றுபோகின்றன.

வேறு சபைக்காரர் ஞானப்பெற்றோர் ஆகலாமா?

கத்தோலிக்கத் திருமுழுக்கில் ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோர் இருக்கும்போது, கூடவே சி.எஸ்.ஐ. மாமாவோ லுத்தரன் சித்தியோ கிறிஸ்தவச் சாட்சியாக நிற்கலாம். பதிவேட்டில் அப்படியே எழுதுவார்கள்.

அடக்கத்துக்கு இடம் கிடைக்கவில்லை என்றால்?

தனிச் சபைகள் பலவற்றுக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. இருபது வருடமாகக் கோவில் பக்கம் வராதவரைப் பழைய சபைக் கல்லறையில் வைக்கக் கேட்டு, சவப்பெட்டி வாசலில் இருக்க, கமிட்டி கூடிப் பேசும் அவலம் இன்னும் நடக்கிறது. சங்கக் காணிக்கை நிலுவை, பெயர் நீக்கப்பட்டது, எந்த ஐயர் ஜெபிப்பது என்று மூன்று வாதங்கள் வரும்.

இறந்தபின் பேசுவதை விட்டு, உயிரோடு இருக்கும்போதே பேசிவைப்பதுதான் ஒரே வழி. ஊரிலுள்ள சபைகள் சேர்ந்து ஒரு பக்க உடன்படிக்கை எழுதலாம்: குழிக்கான கட்டணம் எவ்வளவு, கல்லறை கட்டலாமா அல்லது மண்மேடு மட்டுமா, வீட்டில் எந்தப் போதகர், கல்லறையில் யார், ஒலிபெருக்கி உண்டா. வாசலில் சபைத் தலைவர் முன்னால் நடந்து வந்து, குழியருகே இறந்தவரின் பாஸ்டர் ஜெபிப்பது இருவருக்கும் கௌரவம். கத்தோலிக்க விதியிலும், தன் சபை ஊழியர் கிடைக்காத நிலையில், இறந்தவர் விருப்பத்துக்கு மாறாக இல்லாதவரை, ஆயரின் அனுமதியோடு மற்றச் சபையாருக்கு அடக்கச் சடங்கு நடத்த இடமுண்டு.

சபை மாறினாலும் சாதி மாறவில்லையே. அப்போது எது ஒன்றிப்பு?

நேரான கேள்வி. ஒரே சாதியில் ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் பெந்தெகொஸ்தேயும் சர்வ சாதாரணமாகச் சம்பந்தம் செய்கிறார்கள். ஒரே சபைக்குள் வேறு சாதி என்றால் கதவு மூடுகிறது. முதலாவதைக் காட்டி ஒன்றிப்பு வளர்கிறது என்று அறிக்கை எழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. கல்லறையில் தனி வரிசை, தேரோட்டத்தில் தெரு விலக்கு, கமிட்டியில் ஒரே தெருவார் என்பதெல்லாம் இருக்கும் ஊரில், சேர்ந்து ஜெபிப்பதற்கு முன் அந்தந்தச் சபை தன் வீட்டில் செய்யவேண்டிய வேலை இருக்கிறது.

இதில் சபைகள் ஒன்றாகச் சேர்ந்த இடமும் ஒன்று உண்டு. 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவரைப் பட்டியல் சாதி உரிமையிலிருந்து விலக்கி வைத்திருப்பதை எதிர்த்து, ஆண்டுதோறும் அதே தேதியில் கத்தோலிக்க ஆயர் பேரவையும் இந்தியத் தேசியத் திருச்சபைகள் மன்றமும் கறுப்பு நாள் கடைப்பிடிக்கின்றன. உங்கள் ஊரில் ஆகஸ்ட் 10 கூட்டத்தைச் சேர்ந்து நடத்துவது, ஜெப வாரத்தைவிட நல்ல தொடக்கமாகவே இருக்கலாம்.

ஆடு திருடுகிறார்கள், அதாவது எங்கள் சபையாரை இழுக்கிறார்கள் என்ற புகாரை எப்படிக் கையாள்வது?

போகிறவரைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. இருதரப்பும் மூன்று விஷயத்தை ஒப்புக்கொள்ளலாம்: வேறு சபை உறுப்பினர் தொடர்ந்து வர ஆரம்பித்தால் அவருடைய போதகருக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை; சேர்க்கும்முன் பழைய சபையின் கடிதம்; மருத்துவமனைப் படுக்கையிலும் துக்க வீட்டிலும் சபை மாற்றப் பேச்சு இல்லை. கடிதம் கேட்டால் பழைய சபை இழுத்தடிக்காமல் இரண்டு வாரத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் வைத்துக்கொண்டு புகார் சொல்வது நியாயமில்லை.

யெகோவா சாட்சிகள், மோர்மோன் சபையார், ஞானஸ்நானம் "இயேசுவின் நாமத்தில் மட்டும்" என்போர்?

அண்டை வீட்டாராக அன்போடு இருங்கள். திரித்துவத்தை (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை) ஏற்காத இடத்தில் பொது ஆராதனை, ஞானஸ்நான ஏற்பு இரண்டும் நிற்காது.

நல்லபடி தொடங்கிய ஐக்கியம் ஏன் மூன்றாம் வருடம் படுத்துவிடுகிறது?

மாற்றல். ஆர்வமாக இருந்த ஐயருக்கும் ஃபாதருக்கும் ஒரே மே மாதத்தில் மாற்றல் வரும். புதியவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே பொறுப்பு சபையார் கையில் இருக்கட்டும். ஒரு கூட்டக் குறிப்பேடு, வழிபாட்டுத் தாள்களின் கோப்பு, வரவுசெலவு நோட்டு மூன்றையும் ஒரே ஆள் வைத்திருந்து, புதுப் போதகர் வந்த மாதத்திலேயே மற்றச் சபையார் இருவர் போய் அவரைப் பார்த்து அவற்றைக் காட்ட வேண்டும்.

இன்னொன்று, பெண்கள். மார்ச் முதல் வெள்ளிக்கிழமை வரும் உலக ஜெப நாளைப் பெண்களே நடத்துகிறார்கள். ஆண்டுதோறும் ஒரு நாட்டுப் பெண்கள் அதற்கான முறையைத் தயாரிக்கிறார்கள். போதகர்கள் மாறினாலும் பல ஊர்களில் அது நிற்காமல் நடக்கிறது. உங்கள் ஊரில் அது ஏற்கெனவே நடக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். நடந்தால் புதுக் கமிட்டி எதுவும் போட வேண்டாம். அவர்களிடமே போய் ஜனவரிக்கும் சேர்த்துக் கேளுங்கள்.